பிள்ளைக்கு மதிப்பீடு என்றால் பெற்றோருக்கு ஏன் நடுக்கம்?



பள்ளியிலிருந்தோ சுகாதார நிலையத்திலிருந்தோ ஒரு கடிதம் வருகிறது. பிள்ளையைச் சிறப்பு மருத்துவரிடம் காட்டி மதிப்பீடு செய்துகொள்ளுங்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. கடிதத்தைக் கொடுத்தவர் வாய்ப்பேச்சாக, "அஸ்பெர்ஜராக இருக்கலாம்" என்று ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை. தகப்பன் திண்ணையில், தாய் அடுப்படியில். மறுநாள் வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் சொல்லலாமா, மறைத்துவிடலாமா என்று தவிப்பு.

நம் கேமரன் மலையில் இந்தத் தவிப்புக்குத் தனிக் காரணம் ஒன்றும் உண்டு. மலையிறங்கினால் ஈப்போ. அதற்கு அருகே தஞ்சோங் ரம்புத்தான். 1911ஆம் ஆண்டு அங்கே மனநோயாளிகளுக்காக ஒரு பெரிய மருத்துவமனை திறந்தார்கள். இன்று அதற்கு உலு கிந்தா பகாகியா மருத்துவமனை என்று பெயர். ஆனால் நம் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக அந்த ஊரின் பெயரே ஓர் ஏச்சாக இருந்து வருகிறது. "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று சொல்லாத தோட்டம் உண்டா? ஆகவே, "பிள்ளையின் மனவளர்ச்சியைப் பார்க்க வேண்டும்" என்று யாராவது சொன்னால், நம்மவர் காதில் விழுவது வேறாக இருக்கிறது.

அந்த அச்சத்தைச் சற்று இறக்கி வைத்துவிட்டு, இந்த மதிப்பீடு என்பது என்ன, அதில் என்ன நடக்கும், அது முடிந்தபின் நாம் செய்ய வேண்டியது என்ன என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

எப்படிப்பட்ட பிள்ளை?

எட்டு வயதுப் பையன் ஒருவனை எண்ணிக்கொள்ளுங்கள். பேச்சில் குறைவில்லை. சொல்லப்போனால், பெரியவர்களைப் போலப் பேசுகிறான். தேயிலைத் தொழிற்சாலையைப் பற்றிக் கேட்டால் போதும். கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, நொதிக்க விடுவது, உலர்த்துவது, தரம் பிரிப்பது என்று வரிசை பிசகாமல் சொல்வான். கேட்காவிட்டாலும் சொல்வான். எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டாலும் நிறுத்தமாட்டான்.

வகுப்பில், "வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்" என்றால், திரும்பித் தன் முதுகுப்புறத்தைப் பார்ப்பான். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்பது அவனுக்கு விளங்காது. பள்ளி மணி அடித்தால் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவான். இந்தக் குளிரிலும் கம்பளிச் சட்டையைப் போடமாட்டான். உடம்பில் முள் குத்துகிறதாம். பாதையில் மண்சரிவு என்று பள்ளி வண்டி வேறு வழியாகப் போனால் அன்று முழுவதும் அழுகைதான். ஓய்வு நேரத்தில் மற்றவர்கள் பந்து விளையாட, இவன் வேலியோரம் தனியே நடந்துகொண்டிருப்பான். விளையாட ஆசை இல்லாமல் இல்லை. எப்படிப் போய்ச் சேர்வது என்பதுதான் தெரியவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளையை நாம் என்னவெல்லாம் சொல்கிறோம்? அதிகப்பிரசங்கி, அடங்காதவன், தலைக்கனம் பிடித்தவன், பேய் பிடித்தவன்! பிரம்பெடுத்தும் பார்க்கிறோம், தாயத்துக் கட்டியும் பார்க்கிறோம்.

மருத்துவர்கள் இதை வேறு விதமாகப் பார்க்கிறார்கள். பிறரோடு பேசிப் பழகுவதில் சிறுவயது முதலே ஒரு கடினம். அதோடு, ஒரே பொருளில் அளவு மீறிய ஈடுபாடு, மாற்றத்தைத் தாங்காமை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஓசை, தொடுகை, மணம் போன்றவற்றில் அளவுக்கு மிஞ்சிய கூச்சம் ஆகிய இவ்வகைகளில் குறைந்தது இரண்டாவது காணப்பட வேண்டும். இவையெல்லாம் பிள்ளையின் அன்றாட வாழ்வைப் பாதிக்கவும் வேண்டும். அப்போதுதான் ஆட்டிசம் என்று சொல்கிறார்கள். ரயில் வண்டியின் மேல் ஆசை இருக்கிறது, கூச்சப்படுகிறான் என்பதற்காக மட்டும் எந்த மருத்துவரும் அந்தப் பெயரைச் சூட்டமாட்டார். ஆகவே, இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நீங்களே பெயர் வைத்துவிடாதீர்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண் பிள்ளைகளிடமே இது அதிகமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. ஆனால் பெண் பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்து அதேபோல் நடந்து, தங்கள் கடினத்தை மறைத்துக்கொள்வதும் உண்டு. நாமும், "தங்கமான பிள்ளை, வாயே திறக்காது" என்று பாராட்டி விட்டுவிடுகிறோம். பள்ளியில் ஊமையாயிருந்து, வீட்டுக்கு வந்ததும் காரணமில்லாமல் கத்தித் தீர்க்கும் பெண் குழந்தையையும் கவனியுங்கள்.

பெயர் வந்த கதை

அஸ்பெர்ஜர் என்பது ஒரு மனிதரின் பெயர். ஹான்ஸ் அஸ்பெர்ஜர் என்பவர் ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரில் குழந்தை மருத்துவராக இருந்தவர். 1944ல், நன்றாகப் பேசத் தெரிந்தும் பிறரோடு பழகத் தெரியாத சிறுவர்களைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முந்திய ஆண்டில்தான் அமெரிக்காவில் லியோ கன்னர் என்ற மருத்துவர் ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தார். அஸ்பெர்ஜரின் கட்டுரை ஜெர்மன் மொழியில் இருந்ததால் வெளியுலகம் அதிகம் அறியவில்லை. 1981ல் லோர்னா விங் என்ற ஆங்கிலேய மருத்துவர்தான் அதை எடுத்துக்காட்டி, அஸ்பெர்ஜர் என்ற பெயரையும் பரவச் செய்தார். அவரே ஆட்டிசமுள்ள ஒரு பெண்ணுக்குத் தாய். 1994ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் அது தனி நோய்க்குறியாக இடம்பெற்றது. குழந்தை இரண்டு வயதுக்குள் ஒற்றைச் சொற்களையும் மூன்று வயதுக்குள் சிறு தொடர்களையும் பேசியிருந்தால் அஸ்பெர்ஜர் என்று பிரித்தார்கள்.

ஆனால் ஒரே பிள்ளையை ஒரு மருத்துவர் அஸ்பெர்ஜர் என்றார், இன்னொருவர் ஆட்டிசம் என்றார். கோடு எங்கே என்று திட்டமாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே 2013ல் அதே கையேடு தனிப் பெயரை நீக்கி, எல்லாவற்றையும் ஆட்டிச நிறமாலை என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2022ல் நடைமுறைக்கு வந்த தன் பட்டியலில் அதையே செய்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இங்கேதான் பெற்றோர் பலர் இடறி விழுகிறார்கள். "அஸ்பெர்ஜர் என்றுதானே சொன்னார்கள், இப்போது ஆட்டிசம் என்று எழுதியிருக்கிறதே, நோய் முற்றிவிட்டதா?" என்று கலங்குகிறார்கள். முற்றவில்லை. பெயர்ப்பலகைதான் மாறியிருக்கிறது. அறிக்கையில், "ஆட்டிச நிறமாலை, முதல் நிலை" என்று இருக்கலாம். முதல் நிலை என்றால் மூன்று நிலைகளில் மிகக் குறைந்த உதவி தேவைப்படுவது. அது பிள்ளைக்குக் கொடுத்த மதிப்பெண் அன்று. எவ்வளவு துணை வேண்டும் என்பதற்கான குறிப்பு. குறைந்த உதவி என்பதற்கு உதவியே வேண்டாம் என்பதும் பொருளன்று.

அந்த வியன்னா மருத்துவரைப் பற்றி இன்னொன்றும் நாம் அறிந்திருக்க வேண்டும். 2018ல் ஹெர்விக் செக் என்ற வரலாற்று ஆய்வாளர் பழைய கோப்புகளை ஆராய்ந்து, நாஜி ஆட்சியின்போது அஸ்பெர்ஜர் சில குழந்தைகளை "அம் ஷ்பீகல்குருண்ட்" என்ற நிலையத்துக்கு அனுப்பியதை வெளிப்படுத்தினார். ஊனமுள்ள குழந்தைகளைக் கொன்ற இடம் அது. அங்கே மாண்ட குழந்தைகள் 789 பேர். அந்தப் பெயரைச் சொல்லவே இன்று பலர் விரும்புவதில்லை. ஒரு பிள்ளையின் மேல் எழுதப்படும் பெயர் அவனைக் காக்கவும் உதவும், ஒதுக்கித் தள்ளவும் உதவும். எதற்கு உதவுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியது சுற்றியிருக்கும் நம் பொறுப்பல்லவா?

மதிப்பீட்டில் என்ன செய்வார்கள்?

முதலில் தெரிந்துகொள்ளுங்கள்: இதற்கு இரத்தப் பரிசோதனை கிடையாது. தலையைப் படம் பிடித்தும் கண்டுபிடிக்க முடியாது. பார்ப்பதும், கேட்பதும், பேசுவதும்தான் சோதனை. ஒரே நாளில் முடியாமலும் போகலாம்.

நம் நாட்டில் 18 மாதத்திலும் மூன்று வயதிலும் சுகாதார நிலையத்தில் தாய்மாரிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்துக் குழந்தையைப் பற்றிக் கேட்கிறார்கள். எம்-சாட் என்பது அதன் பெயர். அது வடிகட்டிதான், முடிவு அன்று. நன்றாகப் பேசும் பிள்ளைகள் அந்த வயதில் அதில் அகப்படாமல் தப்பிவிடுவதும் உண்டு. பள்ளிக்கு வந்து, முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்த பிறகுதான் வேறுபாடு வெளியே தெரிகிறது.

தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ உள்ள அரசாங்க மருத்துவரைப் பார்த்துப் பரிந்துரைக் கடிதம் வாங்குவது முதற்படி. அதன்பின் சிறப்பு மருத்துவரைப் பார்க்க ஈப்போ போன்ற பெரிய ஊருக்கு மலையிறங்க வேண்டும். ஒருநாள் சம்பளம் போகும். வளைவுகளில் பிள்ளை வாந்தி எடுப்பான். காத்திருக்கும் காலமும் நீளமாக இருக்கலாம். ஆனாலும் கொடுத்த தேதியைத் தவறவிடாதீர்கள்; தவறினால் மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போக நேரிடலாம். கோவிலுக்கு நேர்ந்துகொள்வதை நான் தடுக்கவில்லை. நேர்ந்துகொள்ளுங்கள், மருத்துவமனைக்கும் போங்கள்.

அங்கே முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள். காது மந்தமான பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பமாட்டான் அல்லவா? பிறகு தாயிடம் நிறையக் கேட்பார்கள். எப்போது நடந்தான், எப்போது பேசினான், கையை நீட்டி ஒரு பொருளைக் காட்டினானா, தனக்குப் பிடித்ததை உங்களிடம் கொண்டுவந்து காட்டினானா, மற்றக் குழந்தைகளோடு எப்படி விளையாடினான் என்றெல்லாம் கேட்பார்கள். பிறகு பிள்ளையோடு விளையாடியும், படம் காட்டிக் கதை சொல்ல வைத்தும், உரையாடியும் பார்ப்பார்கள். பேச்சுப் பயிற்சியாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், உளவியலாளர் என்று பலர் பார்ப்பதும் உண்டு.

போகும்போது குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகம், பள்ளி அறிக்கை, அவன் எழுதிய நோட்டுகள், வரைந்த படங்கள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். வகுப்பாசிரியரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். "குறும்புக்காரன்" என்று எழுதினால் பயனில்லை. "மணி அடித்தால் காதைப் பொத்துகிறான், ஓய்வு நேரத்தில் தனியே நடக்கிறான்" என்று கண்டதைக் கண்டபடி எழுதச் சொல்லுங்கள். வீட்டில் நடப்பதைக் கைப்பேசியில் சிறிது படம் பிடித்துக்கொண்டு போனாலும் நல்லது. முக்கியமாக, ஆயாவோ பாட்டியோ வளர்த்த பிள்ளையானால் அவர்களையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தாய் கொழுந்துக் காட்டில் இருந்த நேரத்தில் பிள்ளையைப் பார்த்தவர் அவர்தானே!

மொழியும் முகமும்

இங்கே நம் பிள்ளைகளுக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசுவார். நம் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், பள்ளியிலும் தமிழ். தெரியாத மொழியில் ஓர் அந்நியர் கேள்வி கேட்டால் எந்தப் பிள்ளைதான் வாய் திறக்கும்? அது கூச்சமா, மொழி புரியாமையா, ஆட்டிசமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எனவே, "என் பிள்ளைக்குத் தமிழில்தான் நன்றாகப் பேச வரும்" என்று முதலிலேயே சொல்லுங்கள். தமிழ் தெரிந்த தாதியோ, சிகிச்சையாளரோ இருந்தால் உதவக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அதிகப்பிரசங்கித்தனம் அன்று.

கண்ணைப் பார்த்துப் பேசுவதும் அப்படித்தான். பெரியவர் பேசும்போது தலையைக் குனிந்து நில் என்று நாம்தானே பழக்குகிறோம்? மரியாதைக்காகக் குனியும் பிள்ளை, தன் தோழனிடம் பேசும்போது கண்ணைப் பார்ப்பான். ஆட்டிசமுள்ள பிள்ளைக்கு யாரிடமும் அது கடினமாக இருக்கலாம். இந்த வேறுபாட்டை மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல உங்களைவிட வேறு யாரால் முடியும்?

இன்னும் ஒன்று. "இரண்டு மூன்று மொழி பேசினால் பிள்ளை குழம்பிவிடும், தமிழை விட்டுவிடுங்கள்" என்று அறிவுரை சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆட்டிசமுள்ள பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வுகளில், இருமொழிச் சூழலால் பேச்சு மேலும் பின்தங்குவதாகத் தெரியவில்லை. தாலாட்டிய மொழியைத் தாயின் வாயிலிருந்து பறித்துவிட்டால், பழகவே தடுமாறும் பிள்ளைக்குப் பேச மிச்சமிருப்பது யார்?

யார் மேல் குற்றம்?

இந்தக் கேள்வி எழாத வீடில்லை. பெரும்பாலும் பழி தாயின் தலையில்தான் விழும். கர்ப்பத்தில் எதையோ தின்றாள், கிரகணத்தில் வெளியே போனாள், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள் என்பார்கள். படித்த உலகமும் ஒரு காலத்தில் இதே தவற்றைச் செய்தது. தாயின் அன்பின்மையே காரணம் என்று 1967ல் புருனோ பெட்டல்ஹெய்ம் என்பவர் அமெரிக்காவில் புத்தகமே எழுதினார். எத்தனை தாய்மார் கண்ணீர் விட்டிருப்பார்கள்! 1977ல் பிரிட்டனில் சூசன் போல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் இருவரும் 21 ஜோடி இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து, இதில் பிறவிக் கூறுக்குப் பெரும் பங்கு உண்டு என்று காட்டினார்கள். அதன் பிறகு வந்த ஆய்வுகளும் அதை உறுதிப்படுத்தின. வளர்ப்பில் வந்த குற்றம் அன்று இது.

தடுப்பூசியும் காரணமன்று. 1998ல் அப்படி ஓர் ஐயத்தைக் கிளப்பிய கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழே 2010ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தப் புரளியை நம்பித் தம்பி தங்கைகளுக்கு ஊசி போடாமல் இருந்துவிடாதீர்கள். தட்டம்மை உயிரைக் குடிக்கும் நோய்.

அறிக்கை வந்த பிறகு

முடிவு மூன்று விதமாக இருக்கலாம். ஆட்டிசம் என்று சொல்லலாம். இல்லை, இது கவனக்குறைவு, பேச்சுக் குறைபாடு, மனப்பதற்றம் போன்ற வேறொன்று என்று சொல்லலாம். இன்னும் சில மாதம் கழித்துப் பார்ப்போம் என்றும் சொல்லலாம். எதுவானாலும், "இனி நாங்கள் வீட்டில் என்ன செய்ய வேண்டும், பள்ளியில் என்ன செய்யச் சொல்ல வேண்டும், மறுபடி எப்போது வர வேண்டும்?" என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் வாங்காமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள். அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். இதைக் குணமாக்கும் மருந்து கிடையாது. குணமாக்குகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். பயிற்சியும் பொறுமையும் நல்ல பலன் தரும்.

2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ், மருத்துவரின் சான்றோடு சமூக நல இலாகாவில் பதிந்து ஓகேயு அட்டை பெறலாம். ஆட்டிசம் அதில் கற்றல் குறைபாடு என்ற பிரிவில் வரும். பதிவது கட்டாயமன்று. ஆனால் பள்ளி உதவிக்கும், சிகிச்சைச் சலுகைக்கும், பிற்காலத்தில் தேர்வில் கூடுதல் நேரம் கேட்பதற்கும் இத்தகைய பதிவும் சான்றும் துணை செய்யும். "அட்டை எடுத்தால் நாளை அக்காவுக்கு வரன் வருமா?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அந்த அச்சத்தை நான் சிறிதென்று சொல்லமாட்டேன். இந்தச் சிறு ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஆனால் அட்டையை ஒளித்து வைக்கலாம். பிள்ளையை ஒளித்து வைக்க முடியுமா? பேர் தெரியாத பிள்ளையை ஊர் கிறுக்கன் என்கிறது. காரணம் தெரிந்த பிள்ளைக்காவது நாலு பேர் விட்டுக்கொடுப்பார்கள்.

எந்தப் பள்ளி என்பது அடுத்த கேள்வி. எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் சிறப்புக் கல்வி வகுப்பு கிடையாது. நன்றாகப் பேசி, எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை, சிறிது துணையோடு சாதாரண வகுப்பிலேயே படிக்கக்கூடும். அவசரப்பட்டுப் பிரிக்கவும் வேண்டாம். துணையே வேண்டாம் என்று பிடிவாதமும் வேண்டாம். மருத்துவர், தலைமையாசிரியர், மாவட்டக் கல்வி இலாகா மூவரிடமும் கலந்து பேசி முடிவெடுங்கள்.

உடன் பணிபுரியும் ஆசிரிய நண்பர்களுக்கும் சில வார்த்தைகள். இப்பிள்ளைகளுக்குச் செலவில்லாத உதவிகள் பல. மணி அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்பே அவனிடம் சொல்லிவிடுங்கள். அன்றைய பாட வரிசையைப் படமாகவோ எழுத்தாகவோ மேசையில் ஒட்டுங்கள். மாற்றம் இருந்தால் காலையிலேயே தெரிவியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. ஜாடைப் பேச்சு வேண்டாம். தேயிலையில் அவனுக்கு ஈடுபாடு என்றால் கணக்கையும் தேயிலையிலேயே கொடுங்கள்: ஒரு கூடைக்கு இத்தனை கிலோ கொழுந்து, பத்துக் கூடைக்கு எத்தனை? பந்தாட்டத்துக்கு வராத பிள்ளைக்குப் புள்ளி எழுதும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். அவனைக் கேலி செய்யும் பிள்ளைகளை முதல் நாளே நிறுத்துங்கள். இவை மற்றப் பிள்ளைகளுக்கும் நன்மையே தவிரத் தீமையில்லை.

உலகில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசத்தோடு வாழ்ந்தார் என்பது 2021ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அப்படியானால் நம் தோட்டங்களிலும் எக்காலத்திலும் இருந்திருப்பார்கள். யாரோடும் அதிகம் பேசாமல், இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே கோளாறைச் சொன்ன பழைய தொழிற்சாலை ஆட்களை நம் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். அவர்களில் யாருக்கு என்ன இருந்தது என்று நாம் சொல்ல முடியாது. பெயர் சொல்லவும் துணை தேடவும் அன்று வழியில்லை, இன்று இருக்கிறது.

ஆகவே பெற்றோர்களே, கடிதத்தைப் பெட்டிக்கடியில் வைக்காதீர்கள். தேதி வாங்குங்கள், மலையிறங்குங்கள், கேளுங்கள். போவதற்கு முந்திய இரவு பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள்: யாரைப் பார்க்கப் போகிறோம், எந்த வண்டியில் போகிறோம், எப்போது வீடு திரும்புவோம் என்று. அவனுக்கும் அது தெரிய வேண்டும் அல்லவா?

அடுத்த வாரம் சந்திப்போம்.